சிலிக்கான் பலூன் டியூப்: குழாய் தாங்குகிறது, பலூன் தாங்குவதில்லை

வீட்டில் வயிற்று வழியாக உணவு கொடுக்கும் நோயாளிக்கு, வயிற்றில் துளையிட்டு முதலில் போட்ட பெக் டியூபை எடுத்துவிட்டு அதே துளையில் போடுவது சிலிக்கான் பலூன் டியூப். ஆயுள் மூன்று முதல் ஆறு மாதம். முதல் டியூப் ஒரு வருடத்துக்கு மேலும் ஓடுவதால், இது நான்காம் மாதமே போனால் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் குறை சரக்கில் இல்லை. இதை உள்ளே பிடித்து நிறுத்துவது தண்ணீர் நிரப்பிய மெல்லிய பலூன். வயிற்று அமிலமும் பூஞ்சையும் அதை மெல்ல அரிக்கின்றன.

அதனால் வாரம் ஒருமுறை பலூன் தண்ணீரை அளந்தே ஆகவேண்டும். டியூப் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்க வால்வில் ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகி முழுவதும் உறிஞ்சுங்கள். எத்தனை மில்லி என்று வால்விலேயே அச்சிட்டிருக்கும். ஒன்றிரண்டு மில்லி குறைவது சிலிக்கானின் இயல்பு, ஈடுகட்டினால் போதும். வாராவாரம் பாதிக்கு மேல் காணாமல் போனாலோ, கஞ்சி நிறத்தில் வந்தாலோ பலூன் ஓட்டை. நிரப்ப ஊசி மருந்து கலக்கும் ஸ்டெரைல் வாட்டர் மட்டுமே. பேட்டரிக்கு ஊற்றுவது கூடாது. சலைன் உப்புப் படிந்து வால்வை அடைத்துவிடும், டியூப் மாற்றும் நாளில் பலூன் சுருங்க மறுக்கும். காற்று நிற்காது.

வெளி வட்டுக்கும் தோலுக்கும் ஒரு ரூபாய் நாணயம் தளர்வாக நுழையும் இடைவெளி வேண்டும். இறுகினால் புண். நிறையத் தளர்ந்தால் குடலசைவு டியூபை உள்ளே இழுத்து, பலூன் இரைப்பையிலிருந்து உணவு குடலுக்குப் போகும் வாயிலை அடைக்கும். திடீர் வாந்திக்கு இதுவும் ஒரு காரணம். மலிவு என்று சிறுநீருக்குப் போடும் ஃபோலி கதீட்டரை இந்தத் துளையில் மாதக்கணக்கில் வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அதில் வெளி வட்டே கிடையாது. துளை மூடாமல் காக்க, தற்காலிகமாக மட்டும் சரி.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் கேழ்வரகுக் கஞ்சியும் மாத்திரைத் தூளும். கஞ்சி ஆறினால் இறுகும். துணியில் வடிகட்டி, முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். அடைத்தால் 50 மில்லி சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளி இழுங்கள். சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் டியூபே வெடிக்கலாம்.

சேலத்தில் வாங்கும்போது பழைய டியூபில் உள்ள ஃபிரெஞ்ச் எண்ணை (குழாயின் பருமன் அளவு) குறித்துப் போங்கள். சில டியூப்களின் வாய் புது என்ஃபிட் வகை, பழைய சிரிஞ்ச் அதில் பொருந்தாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் கையில் ஒரு உபரி டியூப் வைத்தே தீரவேண்டும்: துளை சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும், இறங்க வேண்டியதோ 20 கொண்டை ஊசி வளைவு. பலூன் உடைந்து டியூப் பாதி வெளியே வந்தால் பிடுங்காதீர்கள். பிளாஸ்திரி ஒட்டி அப்படியே நிறுத்தி, எதுவும் கொடுக்காமல், உபரி டியூபுடன் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.