கெயின் திருகும் முன் மீட்டரை எடுக்கும் கடை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் செட் போடும் கடைக்குப் பஞ்சமே இல்லை. அத்தனை கடைகளுக்கு நடுவே இந்தச் சின்னக் கடைக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். இத்தனைக்கும் இங்கே பொருள் எதுவும் வாங்கவில்லை. வேறு இடத்தில் மாட்டிய ஆம்ப்ளிஃபயருக்கு கெயின் என்ற திருகை மட்டும் சரியாக வைத்துத் தரச் சொன்னேன். 1,500 ரூபாய் வாங்கினார்கள். என் டிசையர் காரின் செட்டுக்கு நான் செய்த செலவுகளில் காதுக்கு முழுப் பலன் தந்தது இதுதான்.

என் வண்டியில் முன் கதவுகளில் 6.5 இன்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர், டிக்கியில் 12 இன்ச் சப் வூஃபர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாலு சேனல் ஆம்ப். மாட்டியவர்கள் கெயினை முழுசாகத் திருகி, அடித்தொனியைக் கூட்டும் பேஸ் பூஸ்டையும் ஏற்றிக் கொடுத்தார்கள். "ஃபுல்லா வெச்சாத்தான் சார் ஃபுல் பவர் வரும்" என்றார்கள். நான் அதிகம் கேட்பது நாதஸ்வரம். திருவாரூர் வரை மல்லாரியும் ராக ஆலாபனையும்தான் ஓடும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பு. சீக்கிரத்திலேயே ஒரு ட்வீட்டர், அதாவது மேல் ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர், செத்துப்போனது. போய்க் கேட்டால், ஸ்பீக்கர் தாங்கவில்லை, பெரிதாகப் போடுங்கள் என்று பதில்.

இந்தக் கடை பாய் முதலில் கேட்டது ஸ்டீரியோ மாடலைத்தான். "உங்க ஸ்டீரியோ ப்ரீ அவுட்ல, அதான் ஆம்புக்கு சிக்னல் போற வாயில, 4 வோல்ட் வரைக்கும் தருது. கெயினை 0.2 வோல்ட்ல வெச்சிருக்காங்க. பாட்டு கால்வாசி வால்யூம் தாண்டுறதுக்குள்ள ஆம்ப் முட்டிடும் தம்பி" என்றார். விஷயம் அவ்வளவுதான். உள்ளே வரும் சிக்னல் எவ்வளவு வோல்ட் என்று ஆம்புக்குச் சொல்லும் திருகுதான் கெயின். முழுசாகத் திருகினால் வெறும் 0.2 வோல்ட் சிக்னலுக்கே ஆம்ப் முழு பவரைக் கொடுத்துவிடும். ஆம்ப் தரக்கூடிய வோல்டேஜுக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறிக் கேட்டால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன அலை, அதே உச்சியுள்ள சுத்தமான அலையைப் போல இரண்டு மடங்கு பவரை ஸ்பீக்கருக்குள் தள்ளும். கூடவே பாட்டில் இல்லாத மேல் அதிர்வெண்களும் கிளம்பி நேராக ட்வீட்டருக்குப் போகும். அதற்குள் இருக்கும் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் (காயில்), பாவம், எவ்வளவு சூட்டைத் தாங்கும்?

வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் 14.1 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். ஆம்பின் கிரவுண்ட் போல்ட் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. சுரண்டி இரும்பு தெரியவைத்து முறுக்கினார். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினார். ஈக்வலைசர் எல்லாம் பூஜ்ஜியம், லவுட்னஸ் ஆஃப், பேஸ் பூஸ்ட் ஆஃப். அப்புறம் யூஎஸ்பியில் 1,000 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான ஒலி) போட்டு, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் முதலில் ஸ்டீரியோவையே சோதித்தார். மொத்தம் 40 வால்யூமில் 34 வரை அலை சுத்தமாக வந்தது, அதற்கு மேல் ஸ்டீரியோவே வெட்டுகிறது. 33-ஐ எனக்கு உச்சவரம்பாக வைத்தார். இந்த ஒரு சோதனையை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் ஆம்ப். வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் வேண்டும் என்று தெரிந்துவிடும். முன் சேனல் 75 வாட்ஸ், 4 ஓம்ஸ்: 17.3 வோல்ட். கெயினைக் குறைந்த இடத்திலிருந்து மெல்லத் திருகி, மீட்டர் அந்த எண்ணைக் காட்டியதும் நிறுத்தினார். ஸ்கோப்பிலும் அலை உருண்டையாகவே இருந்தது. சப்புக்காகப் பின் சேனல்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் ஆகியிருந்தன, ஆம்ப் வந்த அட்டைப்பெட்டியில் 4 ஓம்ஸுக்கு 200 வாட்ஸ் என்று போட்டிருந்தது. கணக்குப்படி 28.3 வோல்ட் வர வேண்டும். 40 ஹெர்ட்ஸ் டோனில் 26 வோல்ட்டிலேயே உச்சி தட்டையாகிவிட்டது. பாய் 25-க்கு இறக்கிவிட்டார். அதாவது சுத்தமாகக் கிடைப்பது 156 வாட்ஸ். வெறும் மல்டிமீட்டரை நம்பி 28-க்கு ஏற்றியிருந்தால் அடுத்து சப் காயில் போயிருக்கும்.

வீட்டிலேயே மீட்டர் வைத்துச் செய்யலாமே என்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் மலிவு மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தவை. 1,000 ஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டராக (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளப்பது) பார்த்து, அது எத்தனை ஹெர்ட்ஸ் வரை சரியாக அளக்கும் என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது வால்யூம் 28-இல் வைத்தாலும் நாதஸ்வரத்தில் ஊதுகிறவரின் மூச்சு கேட்கிறது. தவிலின் கழியடியும் கூடு மாட்டிய விரலடியும் தனித்தனியாக வந்து விழுகின்றன. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கிய அந்த 'ஙொய்' சத்தம் கிரவுண்ட் சரியானதும் போய்விட்டது. வால்யூம் 15-லேயே காது அதிர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலில் சத்தம் குறைந்த மாதிரிதான் தெரியும். நாலு பாட்டு பொறுமையாகக் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான், உட்கார இடம் கிடையாது, வண்டி நிறுத்துவது பெரும்பாடு. வைத்த அளவுகளை எழுதித் தருவதில்லை. நானே மீட்டரையும் திருகுகளையும் படம் எடுத்துக்கொண்டேன். அத்தனை கவனமாக வேலை செய்பவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

காரோடு வந்த கம்பெனி ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், ப்ரீ அவுட் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஒயர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி இறக்கித் தரும் லைன் அவுட் கன்வர்ட்டர் மாட்ட வேண்டும், அதற்குத் தனிக் காசு. ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டின் பெட்டியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆர்எம்எஸ் அளவு, அதாவது தொடர்ந்து ஓடும்போதைய வாட்ஸ், எங்கே அச்சாகியிருக்கிறது என்றுதான் பாய் தேடுவார், மேக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை அவர் கண்டுகொள்வதே இல்லை.