மதிப்பெண்ணா, குலுக்கலா? புரூக்ளினில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை

நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியான புரூக்ளினின் 15-வது கல்வி மாவட்டத்தில் ஆறாம் வகுப்பு இடம் வீட்டு முகவரியைப் பார்த்துக் கிடைப்பதில்லை. வேண்டிய அரசு நடுநிலைப் பள்ளிகளைப் பெற்றோரே வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். வசதி படைத்த பார்க் ஸ்லோப், சீனக் குடும்பங்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் நெருக்கமாக வாழும் சன்செட் பார்க், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெரிய அரசுக் குடியிருப்பு உள்ள ரெட் ஹூக் எல்லாம் இந்த ஒரே மாவட்டத்துக்குள்தான். ஆனாலும் வெகுகாலம் இந்தப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரவில்லை.

காரணம், வடிகட்டல். நான்காம் வகுப்பு மதிப்பெண், வருகைப் பதிவு, சில பள்ளிகளில் நேர்காணல் என்று பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். இதை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு ஒன்றுதான் ஏணி என்று நம்பி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு, உழைத்துப் படித்த பிள்ளைக்கு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அந்த ஆசை நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் வருகைப் பதிவு எதைக் காட்டுகிறது? காலையில் கொண்டுபோய் விட வீட்டில் ஆள் இருந்ததா என்பதைத்தான். நேர்காணலும் அப்படியே. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை அங்கே தயங்காமல் பேசும்.

2018-ல் இந்த மாவட்டத்துக்குப் புதிய திட்டம் வந்தது. 11 நடுநிலைப் பள்ளிகளிலும் வடிகட்டலை எடுத்துவிட்டு, 2019-ல் ஆறாம் வகுப்பு சேர்ந்தவர்களிலிருந்து குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். வெறும் குலுக்கல் இல்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், நிரந்தர வீடில்லாதவர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு பள்ளியிலும் 52 சதவீத இடங்களில் முன்னுரிமை. மொத்த மாவட்டத்தில் அவர்கள் எவ்வளவு இருந்தார்களோ, ஏறக்குறைய அதே அளவு.

அதே காலத்தில் அதே நகரத்தின் இன்னொரு பகுதியான மன்ஹாட்டனின் 3-வது மாவட்டம் நடுவழி ஒன்றை எடுத்தது. வடிகட்டல் இருக்கட்டும், 25 சதவீத இடங்களில் மட்டும் ஏழ்மையும் குறைந்த மதிப்பெண்ணும் உள்ள பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்றார்கள். பெற்றோரைச் சம்மதிக்க வைக்க இது எளிது. ஆனால் மீதி 75 சதவீதம் பழையபடியேதான் இருந்தது. எனக்கு இது போதவில்லை.

என் ஓட்டு குலுக்கலுக்கு. அதற்காக அதன் சிக்கல்களை மறைக்க முடியாது. ரெட் ஹூக்கில் சுரங்க ரயில் நிலையமே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை பேருந்தில் போய், வேறு வண்டி மாறி, நேரத்துக்கு வகுப்பில் இருக்க வேண்டும். அப்புறம் பணம். ஏழைப் பிள்ளைகளின் விகிதத்தை வைத்து மத்திய அரசின் ‘டைட்டில் ஒன்’ நிதி வருகிறது. பிள்ளைகள் பரவலாகக் கலக்கும்போது, ஒரு பள்ளியில் அந்த விகிதம் வரம்புக்குக் கீழே இறங்கினால், அங்கே இருக்கும் ஏழைப் பிள்ளைக்கான தனி உதவியும் சேர்ந்து போய்விடும். முன்னுரிமை இருந்தும், எந்தப் பள்ளியை முதலில் எழுதுவது என்று விசாரித்து அறிய நேரமுள்ள பெற்றோருக்குக் குலுக்கலிலும் கொஞ்சம் கை ஓங்கித்தான் இருக்கும்.

வாசலில் கலந்துவிட்டு, பள்ளிக்குள் மதிப்பெண்படி தனித்தனி வகுப்புகளாகப் பிரித்தால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. கணக்குப் பாடத்தில் இது கூர்மையாகத் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் எல்லோரும் ஒன்றாகவே படிக்கட்டும் என்று 2014-ல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். வேகமாகப் போகக்கூடிய பிள்ளைகளின் பெற்றோர் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். 2024-ல் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவானது. மேல்படியை எடுத்துவிடுவது சமத்துவம் ஆகாது. அந்தப் படியில் ஏற இன்னும் பல பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கை கொடுப்பதுதான் சரி.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் சராசரி மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் கணக்கு வகுப்பில் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? முடிந்தால் அந்த வகுப்பின் கதவருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.