இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளைக்கு ‘பேக்கேஜ்’ கட்டும் முன்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் என் மகனுக்கு இரண்டே கால் வயது. ஒரு வார்த்தை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்ச் சொம்பின் மேல் வைப்பான். அம்முச்சி (அம்மா வழிப் பாட்டி) வசம்பு சுட்டு நாக்கில் தேய்த்துப் பார்த்தார். மாமியார், “இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்றார். டாக்டரிடம் காட்டச் சொன்னது அங்கன்வாடி டீச்சர் ஒருவர்தான்.

நான் டாக்டரிடம் போகவில்லை. போனில் வந்த விளம்பரத்தை நம்பி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி ஒரு தெரபி மையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுக்காரர் பத்து நிமிடம் பார்த்தார். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், அதனால்தான் பிள்ளை குழம்பிவிட்டான், இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார். ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும், கேரண்டி. பேக்கேஜ் 48,000 ரூபாய், முன்பணமாக. வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

அம்முச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. காக்கா பாரு, நிலா பாரு என்று வாய் ஓயாமல் சோறு ஊட்டுகிறவர், அதற்கப்புறம் உதட்டை இறுக்கிக்கொண்டு ஊட்டினார். ஐந்து மாதம். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அறைக்குள் என்னை விடமாட்டார்கள், அம்மாவைப் பார்த்தால் பிள்ளை அழுவானாம். ஒருநாள் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கக் கதவைத் தள்ளினேன். டேப்லெட்டில் கலர் பந்துகள் உருள, அவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் ஒரு தெரபிதான் என்றாள்.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது, மூன்று பக்கம். மேலே என் மகன் பெயர். கீழே எல்லா வரியிலும் ‘ஷீ’, ‘ஹெர்’. கேட்டால் டைப்பிங் மிஸ்டேக் என்றார்கள். யார் வீட்டுப் பெண் குழந்தையின் ரிப்போர்ட்டோ! அதே வாரம் ஆட்டிசத்துக்கு என்று ஸ்டெம் செல் ஊசிக்கு இரண்டு லட்சம் கேட்டார்கள். அன்றோடு நின்றுவிட்டேன். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை.

அடுத்து பாலக்காட்டு டி.இ.ஐ.சி.க்கு, அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்ட மையத்துக்குப் போனோம். ஆர்.பி.எஸ்.கே. என்கிற குழந்தைகள் நலத் திட்டத்தில் வருகிற அரசு மையம், பணம் கிடையாது. முதல் கேள்வியே, “காது டெஸ்ட் எடுத்தீங்களா?” அத்தனை மாதத்தில் யாரும் கேட்கவில்லை! தூங்க வைத்து, நெற்றியிலும் காதுப் பின்புறமும் ஒயர் ஒட்டி பெரா டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாகவே இருந்தது. மூன்று வயது முடிந்ததும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்கிற ஆட்டிச மதிப்பீடு பார்த்தார்கள். நாற்பது கேள்வி, 70 வந்தால் ஆட்டிசம். இவனுக்கு 84, லேசான வகை. அழுதேன். ஆனாலும் என்னவென்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

வீட்டு மொழி பற்றிக் கேட்டேன். “வீட்டில் தமிழ் தன்னெ மதி”, தமிழே போதும் என்றார் தெரபிஸ்ட். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வராதாம். இங்கே என்னையும் உள்ளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொம்பை எட்டாத இடத்தில் வை, அவன் உன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திரு, பார்த்ததும் “தண்ணி” என்று சொல்லிக் கொடு. இப்போது பார்க்கிறான். வார்த்தை இன்னும் வரவில்லை.

பணம் கட்டும் முன் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தக் கவுன்சிலின் 1992 சட்டப்படி பேச்சுப் பயிற்சியாளருக்கு அது கட்டாயம். எண் சொல்லாமல் சர்டிபிகேட் பிரேமைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் கேட்கவே இல்லை.

ரீபண்ட் தரமாட்டார்களாம், ரசீதில் தெரபி என்றே இல்லை, ‘ஆக்டிவிட்டி கட்டணம்’ என்று போட்டிருக்கிறார்கள். மையம் தமிழ்நாட்டில், நாங்கள் கேரளாவில், எங்கே வழக்குப் போடுவது என்று முழித்தேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பாலக்காட்டில் கொடுத்திருக்கிறேன். வழக்கு நடப்பதால் மையத்தின் பெயர் கேட்காதீர்கள். அந்த மூன்று பக்க ரிப்போர்ட்டும் பைலில் இருக்கிறது, ஒவ்வொரு ‘ஷீ’க்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டு.