சட்னிக்குப் பச்சைப் புளிப்பு: டொமட்டியோவா, தக்காளிக்காயா, பெலிம்பிங் பூலோவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு தொட்டி வைக்க இடம் இருக்கிறது. சட்னிக்கும் சம்பலுக்கும் ஒரு பச்சைப் புளிப்புக்காய் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். எதை நடுவது? மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு நான் டொமட்டியோ பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது ஒத்துவராத வீட்டில் மற்ற இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது.

டொமட்டியோவைப் பார்த்திராதவர்களுக்கு ஓர் அடையாளம். செம்பனை வரிசைக்கு நடுவிலும் கால்வாய் ஓரத்திலும் தானாக முளைக்குமே சொடக்குத் தக்காளி, மலாய்க்காரர்கள் லெத்துப்-லெத்துப் என்பார்கள், சின்ன வயதில் நெற்றியில் அடித்து உடைப்போமே, அதன் மெக்சிகோ உறவு இது. அதே காகிதம் போன்ற உறை. உள்ளே இருக்கும் காய் மட்டும் எலுமிச்சை அளவுக்குப் பெருக்கும். ஸ்பானியர்கள் போய் இறங்குவதற்கு முன்பே அஸ்தெக் மக்கள் சமைத்த காய். இன்றைக்கும் மெக்சிகோவின் பச்சை சல்சாவுக்கு இதுதான் அடிப்படை.

பெலிம்பிங் பூலோவைப் (பிலிம்பிக்காய்) பற்றி நீட்டத் தேவையில்லை. மரம் ஒன்று இருந்துவிட்டால் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், கவனிப்பே கேட்காது. இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு பை நிறையக் கிடைக்கும். மீன் குழம்பில் அதன் புளிப்புக்கு ஈடில்லை. ஆனால் அது மரம், தொட்டியில் வைத்துச் சமாளிக்கிற செடியில்லை. சட்னியாக அரைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஆக்சாலிக் அமிலமும் அதிகம். கொலஸ்ட்ரால் குறையும் என்று இதன் சாற்றைப் பிழிந்து குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பில் நாலு காய் போடுவது வேறு விஷயம், என்றாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீட்டில் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

தக்காளியின் பலம் எல்லாருக்கும் தெரிந்தது. விதை எங்கும் கிடைக்கும், ஒரே செடி போதும், தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துக்கொள்ளும். காயாகப் பறித்தால் சட்னிக்கு, விட்டுவைத்தால் ரசத்துக்கு. அதற்குப் பகை நம் சமவெளி. நாம் பாசாரில் (சந்தையில்) வாங்கும் தக்காளி பெரும்பாலும் குளிரான கேமரன் மலையிலிருந்து இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இரவிலும் 21 முதல் 24 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு நின்றால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். நம் ஊர் இரவுகள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அதைத் தாங்கும் சமவெளி ரகங்கள் உண்டு. ஆனால் மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல் நோய் அவற்றையும் விடுவதில்லை. காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தலை சாய்க்கும், இரண்டொரு நாளில் இலை மஞ்சளாகாமலேயே செத்துப்போகும். சந்தேகமாக இருந்தால் தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் இந்த நோய்தான். அந்த மண்ணில் திரும்பத் தக்காளி வைப்பது வீண். கத்தரி அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய தக்காளி இதை ஓரளவு தாங்கும்.

டொமட்டியோவும் இதே குடும்பம். வாடல் நோய் அதை அண்டாது என்று நான் சொல்லமாட்டேன். புதுக் கலவை மண் போட்ட தொட்டியில் எனக்குச் செடிகள் நின்றன. தரையில் வைத்த அனுபவம் எனக்குக் குறைவு. கடும் வெக்கையில் அதுவும் பூ உதிர்க்கும். ஆனால் பூ பூத்துக்கொண்டே இருப்பதால் ஒரு வாரம் போனால் அடுத்த வாரம் பிடித்துவிடும். 20 லிட்டர் தொட்டி, நல்ல வெயில், சாய்ந்து படர்வதால் கம்பு அல்லது கூண்டு, தண்ணீர் தேங்காத அடி, இவ்வளவுதான் அதன் கோரிக்கை. நாற்றை மாற்றி நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பறிக்கலாம். உறையைக் காய் முழுக்க நிரப்பி, உறை கிழியத் தொடங்கும்போது, காய் இன்னும் பச்சையாக இருக்கையிலேயே பறிக்க வேண்டும். மஞ்சளாக விட்டால் புளிப்பு போய் இனிப்பு ஏறிவிடும்.

இனி அந்த நிபந்தனை. டொமட்டியோ செடிக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. ஒற்றைச் செடி எவ்வளவு செழிப்பாக வளர்ந்து நூற்றுக்கணக்கில் பூத்தாலும் பூ உதிரும், காய் வராது. குறைந்தது இரண்டு செடி வேண்டும், அதுவும் விதையிலிருந்து தனித்தனியாக வந்த இரண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதன் கிளை மண்ணில் பட்டாலே வேர் விடும், அதனால் வெட்டித் தருவது சுலபம். ஆனால் ஒரே தாய்ச்செடியின் இரண்டு துண்டுகள் இரண்டு செடி ஆகாது. அவை ஒரே செடிதான், ஒன்றுக்கொன்று உதவாது. ஒரே பொட்டலத்து விதைகளாக இருந்தாலும் பரவாயில்லை, விதைக்கு விதை வேறு. ஒரே நாளில் மூன்று விதைத்து, ஒன்றைக் காப்புக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். தொட்டிகளைப் பக்கம் பக்கமாக, இரண்டு மூன்றடி இடைவெளியில் வையுங்கள்.

அடுத்தது, மகரந்தத்தைச் சுமக்க ஆள் வேண்டும். மஞ்சள் பூ, அடியில் கரும்பழுப்புப் புள்ளிகள், தலைகீழாகத் தொங்கும். சின்னத் தேனீக்களுக்கு அது தோதான பூ. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் கெலுலுட் என்ற கொசுத்தேனீக் கூண்டு வைத்திருக்கிறார். காலையில் அந்தத் தேனீக்கள் வந்து போவதைப் பார்த்தாலே இந்த வாரம் காய் பிடிக்கும் என்று தெரிந்துவிடும். மழை விடாத நாட்களிலும், கொசுவுக்குப் புகை அடித்த பிறகும் அவை கண்ணில் படுவதில்லை, காய்ப்பும் குறைகிறது. அப்போது மென்மையான பிரஷ் எடுத்து, காலையில் ஒரு செடியின் பூவைத் தடவி அடுத்த செடியின் பூவில் தேய்த்துவிடுவேன். பத்து நிமிட வேலை. செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து வந்த கூன்வண்டை 1981-இல் இங்கே செம்பனையில் விடும் வரைக்கும், மகரந்தத் தூளை டால்கம் மாவில் கலந்து பெண் பாளைகளில் ஊதுவது ஆட்கள் செய்த வேலைதான். எங்கள் அத்தை அந்த வேலைக்குப் போனவர். என் தொட்டியைப் பார்த்ததும் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை, பிரஷை வாங்கித் தாமே செய்யத் தொடங்கிவிட்டார்.

இந்தப் பராமரிப்பை ஏற்றுக்கொள்ள முடிந்தால் டொமட்டியோ, முடியாவிட்டால் தக்காளி. முடிவு இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. வாரக்கணக்கில் வீட்டில் இல்லாதவருக்கும், மாடிவீட்டு வராந்தாவில் ஒரே தொட்டி வைக்க முடிந்தவருக்கும் நான் டொமட்டியோவைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏற்றுக்கொண்டவருக்குச் சமையலறையில் கிடைப்பது பெரிது. உறையை உரித்தால் காய் பிசுபிசுப்பாக இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போய்விடும். உறை, இலை, தண்டு எதையும் சமைக்கக் கூடாது. வெட்டினால் தக்காளிபோல் கொழகொழவென்று விதையறை இருக்காது. வெளிர்பச்சைச் சதை இறுக்கமாக, உள்ளே பொடி விதைகள். எண்ணெய் விடாத தோசைக்கல்லில் காய், பச்சைமிளகாய், தோலோடு பூண்டு மூன்றையும் போட்டு, தோல் கருகிக் கொப்பளித்து, பளிச்சென்ற பச்சை மங்கும் வரை சுட்டெடுங்கள். சின்ன வெங்காயம், கொத்தமல்லித் தழை, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும். தக்காளிக்காய்ச் சட்னிக்கு உளுந்தோ கடலைப்பருப்போ வறுத்துப் போட்டால்தான் உடம்பு கூடும், புளியும் கொஞ்சம் கேட்கும். டொமட்டியோவில் இறுகவைக்கும் பெக்டின் நிறைய இருப்பதால் ஆறியதும் தானாகவே இறுகிக்கொள்கிறது. தோசைக்கு மட்டுமில்லை, பொரித்த கெம்போங் மீனுக்கும் (கானாங்கெளுத்தி) பொருத்தம். சுட்ட பெலாச்சான் (இறால் விழுது) ஒரு துண்டு சேர்த்தால் சம்பலாகவே மாறிவிடும். கோழிக் குழம்பில் தக்காளிக்குப் பதில் போடுவதாக இருந்தால் பாதி அளவு போதும். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பில் எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

வைத்திருந்து சமைப்பதிலும் இதற்கே முதலிடம். தக்காளிக்காயைப் பறித்து வெளியே வைத்தால் பழுக்கத் தொடங்கும். டொமட்டியோவை உறையோடு காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் பச்சையாகவே இருக்கும்.

விதையை வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்க இறக்குமதி அனுமதி வேண்டும், உள்நாட்டு விற்பனையாளரிடமே வாங்குங்கள். ஒருமுறை வாங்கினால் போதும். நன்கு மஞ்சளான காயைத் தண்ணீரோடு லேசாக அடித்தால் விதை அடியில் தங்கும், வடிகட்டி நிழலில் உலர்த்தி எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு செடிகளின் கலப்பு என்பதால் அடுத்த முறை ஜோடி தேட வேண்டியதில்லை. ஊதா ரகத்தை நான் அதிகம் வளர்த்ததில்லை. அது கொஞ்சம் இனிப்பு, சட்னியின் நிறமும் மங்கிவிடுகிறது. அதைப் பச்சை ரகத்தோடு பக்கத்தில் வைத்தால் விதையும் கலந்துவிடும். பச்சையே தொடர வேண்டுமென்றால் அந்தப் பருவத்தில் பச்சை மட்டும் வையுங்கள்.