மலையூரில் மார்கரிட்டா: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

மார்கரிட்டா என்ற கலப்பு மதுபானத்தில் இருப்பவை டெகிலா என்ற மெக்சிகோ மது, ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றும், கிளாஸ் விளிம்பில் கொஞ்சம் உப்பும் மட்டுமே. பொருட்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால், அவற்றில் ஒன்று மட்டமாக இருந்தாலும் அதை மறைக்க வழியில்லை. வீட்டில் இதைச் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பணத்தையெல்லாம் டெகிலா பாட்டிலில் கொட்டிவிட்டு, மற்ற இரண்டையும் கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கிறார்கள். கொடைக்கானலில் குடியிருக்கும் என்னுடைய கருத்து இதற்கு நேர்மாறானது. இந்த ஊரில் எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும்தான் பானத்தின் தரத்தை முடிவு செய்கின்றன. பாட்டில் அவற்றுக்கு அடுத்தபடிதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிற பொருட்களை அந்த வரிசையிலேயே இங்கு மதிப்பிடுகிறேன்.

மெக்சிகோவில் இந்தப் பானத்துக்குப் பிழியப்படும் சிறிய, மெல்லிய தோலுள்ள, விதை மிகுந்த எலுமிச்சையும், நாம் ரசத்துக்கும் சாதத்துக்கும் பிழிகிற எலுமிச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆசியாவின் தென்பகுதிகளில் தோன்றிய அந்த மரம் அரபு வணிகர்களின் வழியாக மேற்கே சென்று, பின்னர் ஸ்பானியர்களோடு கடல் கடந்து மெக்சிகோவில் வேரூன்றியது. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் டஹிட்டி எலுமிச்சை எனப்படும் விதையற்ற, பருத்த வேறொரு வகை. அதன் புளிப்பு சற்று மென்மையானது, மணமும் அடக்கமானது. இணையத்தில் நாம் காணும் அளவுகளில் பெரும்பாலானவை அந்தப் பழத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டு பங்கு டெகிலாவுக்கு ஒரு பங்கு ஆரஞ்சு மது, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு என்ற பெயர் பெற்ற கணக்கை நம் ஊர்ப் பழத்தைக் கொண்டு அப்படியே பின்பற்றினால், பல் கூசுகிற பானம்தான் கிடைக்கும். குற்றம் பழத்தில் இல்லை. சரியான பழம் நம்மிடம் மலிவாகக் கிடைக்கிறது. அதற்குரிய அளவை மட்டும் நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், குளிர் மிகுந்த இந்த ஊர் எலுமிச்சைக்கு ஏற்ற இடமன்று. சந்தைக்கு வருகிற பழம் சமவெளியிலிருந்தும் கீழ்மலைக் கிராமங்களிலிருந்தும் மேலே ஏறி வருவது. நான் வழக்கமாக வாங்கும் அம்மா, நான் பச்சைப் பழங்களைப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, “மஞ்சப் பழம்தான் தம்பி சாறு விடும், பச்சைய எடுத்து என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்பார். சாற்றைப் பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் இந்தப் பானத்துக்கு வேண்டிய மணம் தோலிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. பழுத்து மஞ்சளாக மாறும்போது அந்தக் கூர்மை மங்கிவிடுகிறது. ஆகவே பச்சை நிறம் விலகத் தொடங்கிய, தோல் வழவழப்பாகவும் கையில் கனமாகவும் உள்ள பழங்களே எனக்கு ஏற்றவையாகத் தோன்றுகின்றன. அவை கிடைக்காத நாளில் மஞ்சள் பழத்தில் சாறு பிழிந்து, ஒரு பச்சைக் காயின் தோலை மட்டும் சீவிச் சேர்த்துக் குலுக்கினால் ஓரளவு ஈடாகும். மலைத் தோட்டங்களில் காய்க்கிற, கரடுமுரடான தோலுள்ள பெரிய எலுமிச்சையை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஊறுகாய்க்கு அது நன்று, இங்கே அதன் சாறு தட்டையாக நிற்கிறது. பெரிய கடைகளில் குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கும் மஞ்சள் நிற வெளிநாட்டு எலுமிச்சை விலையும் அதிகம், குணமும் வேறு.

பிழிந்த சாறு சில மணி நேரத்துக்குள் பயன்பட்டுவிட வேண்டும். மறுநாளுக்கு எடுத்து வைத்தால் அதில் புளிப்பு மட்டும் மிஞ்சும். பழத்தை முறுக்கி முறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிவதும் கூடாது, தோலின் கசப்பு இறங்கிவிடும். பாட்டிலில் அடைத்து வரும் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்த்த கார்டியல், ‘மார்கரிட்டா மிக்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பச்சை நிறத் திரவம் ஆகிய மூன்றுக்கும் நான் ஒரு மதிப்பெண்கூடத் தர மாட்டேன். ஒரு கை எலுமிச்சை வாங்கும் காசுக்கு மேல் கொடுத்து அவற்றை வாங்குவதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது ஆரஞ்சு. மலையூரில் உண்மையான சிக்கல் இதில்தான் இருக்கிறது. பிரான்சின் ஆஞ்சே நகரத்தில் 1875 முதல் செய்யப்பட்டுவரும் குவான்ட்ரோ என்ற ஆரஞ்சு மது 40 சதவீத ஆல்கஹாலும், கசப்பு ஆரஞ்சு, இனிப்பு ஆரஞ்சு இரண்டின் தோல் மணமும் கொண்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் யாராவது கொண்டு வந்தால் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ‘ட்ரிபிள் செக்’ என்ற பொதுப் பெயரில் வருகிற மலிவு வகைகளில் பல வீரியம் குறைந்தவை, இனிப்பு மிகுந்தவை, மிட்டாய் வாடை அடிப்பவை. அவற்றை ஊற்றினால் எலுமிச்சையின் மணம் அடங்கிப்போகிறது. ஆரஞ்சு ஸ்குவாஷை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. அதில் செய்தது வேறு ஏதோ ஒரு பானமாக இருக்கலாம், மார்கரிட்டா ஆகாது.

இந்த இடத்தில் பழனி மலையே ஒரு வழி தருகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்தில் காபிக்கும் மிளகுக்கும் நடுவே வளர்கிற கமலா ஆரஞ்சு, தோல் தளர்ந்து எளிதில் உரிகிற பழம். நோயாலும் பிற காரணங்களாலும் பழைய அளவுக்கு இப்போது விளைச்சல் இல்லையென்றாலும், பருவத்தில் வத்தலக்குண்டு சாலையோரக் கடைகளிலும் சந்தையிலும் கண்ணில் படுகிறது. வெளியூரிலிருந்து வரும் பளபளப்பான ஆரஞ்சின் தோலில் மெழுகு பூசியிருக்க வாய்ப்புண்டு. உள்ளூர்ப் பழத்தில் அந்தத் தொல்லை இல்லை. நன்றாகக் கழுவி, உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சை முடிந்தவரை சுரண்டி எடுத்துவிட்டு, தோலை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, வாசனையற்ற வோட்காவில் நான்கைந்து நாள் ஊறவிட வேண்டும். பிறகு வடிகட்டி, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகை, ஊறல் மூன்று பங்குக்குப் பாகு ஒரு பங்கு என்று தொடங்கிச் சுவை பார்த்துச் சேர்க்கலாம்.

கமலா ஆரஞ்சின் தோல் மட்டும் போட்டால் மணம் இனிமையாக இருக்கும். ஆனால் பிடிப்பு இருக்காது. கரீபியன் கடலிலுள்ள குரசாவோ தீவில் பிறந்த பழைய ஆரஞ்சு மதுவின் ஆதாரமே, சாப்பிட உதவாத அளவுக்குக் கசப்பான ஒரு ஆரஞ்சின் உலர்ந்த தோல் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் கசப்பின் வேலையை நம் நார்த்தங்காய் ஏற்றுக்கொள்கிறது. விரல் நீளத் துண்டு நார்த்தந்தோலைக் கடைசி ஒரு நாள் மட்டும் ஊறலில் போட்டு எடுத்தால் போதும், அதற்கு மேல் கிடந்தால் மருந்துக் கடை வாசம் வந்துவிடும். இப்படிச் செய்த ஊறல் குவான்ட்ரோ அளவுக்குத் தெளிவாக இராது, ஐஸ் பட்டால் லேசாகக் கலங்கும், வீரியமும் சற்றுக் குறைவு. ஆயினும் நான் சுவைத்த மலிவு ட்ரிபிள் செக் எதைக் காட்டிலும் இது மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி டெகிலா. 1974-ஆம் ஆண்டு மெக்சிகோ அரசு அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு வழங்கியது. ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் வரையறுக்கப்பட்ட பகுதிகளிலும், நீல அகாவே என்ற ஒரே வகைக் கற்றாழையிலிருந்து வடிக்கப்படுவதை மட்டுமே டெகிலா என்று அழைக்கலாம். ஆனால் விதியில் ஒரு இடைவெளி உண்டு. நொதிக்கிற சர்க்கரையில் குறைந்தது 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பிலிருந்தோ பிறவற்றிலிருந்தோ வரலாம். நம் மாநிலத்தில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம் இருப்பதால், வெளிநாட்டுச் சரக்கு வைத்திருக்கும் எலைட் கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் நமக்கு. அங்கே அதிகம் கண்ணில் படுவது பொன்னிற வகை. அந்தப் பொன்னிறத்தைக் கண்டு மரப்பீப்பாயில் நெடுநாள் கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பலவற்றில் அது கேரமல் நிறமிதான்.

பார்க்க வேண்டியது லேபிளில் ‘100 சதவீதம் அகாவே’ என்ற பொருள்படும் வரி இருக்கிறதா என்பதை மட்டுமே. இருந்தால், நிறமில்லாத பிளாங்கோவே மார்கரிட்டாவுக்கு முதல் தேர்வு. குறைந்தது இரண்டு மாதம் பீப்பாயில் இருந்த ரெபோசாடோ அடுத்தது. குளிர் இரவுகளில் அதன் மெல்லிய மர வாசத்தை நானே விரும்பித் தேர்வதுண்டு. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த அன்யேஹோவை எலுமிச்சையில் கலப்பது வீண்செலவு. ‘100 சதவீதம்’ என்ற வரி இல்லாத பாட்டில்தான் கிடைத்தது என்றால், அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நல்ல எலுமிச்சையும் நல்ல ஆரஞ்சு ஊறலும் அதன் குறையில் பாதியைத் தாங்கிக்கொள்ளும். விலையுயர்ந்த டெகிலாவால் பாட்டில் சாற்றின் குறையைத் தாங்க முடியாது.

ரயில் பாதையோரத்திலும் வேலிகளிலும் நாம் பார்க்கிற ஆனைக்கற்றாழையும் அகாவே இனம்தான்; அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து தக்காணம் முழுவதும் பரவியது. அதிலிருந்து ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வடிக்கப்படும் டெஸ்மண்ட்ஜி, சட்டப்படி டெகிலா என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாத அகாவே மது. வெளிமாநிலத்தில் அதன் முழு அகாவே வகையைச் சுவைத்திருக்கிறேன். பச்சைக் காய்கறியின் வாசமும் மிளகுக் காரமும் கூடுதலாக, எலுமிச்சைக்கு முன் தலை குனியாமல் நிற்கிறது.

இனிப்பு கூட்ட வேண்டியிருந்தால் வெள்ளைச் சர்க்கரைப் பாகே போதும். ஆரஞ்சு மதுவை விலக்கி அகாவே பாகு மட்டும் ஊற்றிச் செய்கிற முறை சான் பிரான்சிஸ்கோவின் டாமிஸ் உணவகத்திலிருந்து பரவியது. அந்தப் பாகு இங்கே கிடைப்பது அரிது. அதற்கு மாற்றாகத் தேனைச் சொல்வார்கள். இம்மலைப் பழங்குடியினரான பளியர்கள் எடுத்து வருகிற தேனிலும் வேறுபாடு உண்டு. பாறைகளில் பெரிய தேனீ கட்டுகிற மலைத்தேன் கருத்து, கனத்து, எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மரப்பொந்தில் எடுத்த தேன் இளகலானது. அதைச் சம அளவு வெந்நீரில் கரைத்து ஒரு தேக்கரண்டி சேர்த்தால் இடம் தெரிந்து அமரும். கொசுத்தேன் கிடைத்தால் மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதில் ஊற்ற வேண்டாம். நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் எனக்கு உவப்பானவை என்றாலும் இங்கே பொருந்தவில்லை.

உப்பு தூத்துக்குடிக் கல்லுப்பாக இருக்க வேண்டும். தூளுப்பு ஈரம் பட்டதும் கரைந்து, முதல் மடக்கிலேயே வாயை நிரப்பிவிடும். கல்லுப்பை அம்மியில் இரண்டு இழுப்பு இழுத்தால் ரவைப் பதம் வரும். கிளாஸ் விளிம்பின் வெளிப்பக்கத்தில், அதிலும் பாதி வட்டத்துக்கு மட்டும் ஒட்டவைத்தால், வேண்டும்போது உப்போடும் வேண்டாதபோது உப்பில்லாமலும் குடிக்கலாம். மிளகாய்த்தூள் கலந்த உப்பு இப்போது பரவலாகிவிட்டது. சமவெளியில் மாங்காய்க்கு அது பொருத்தம். இவ்வளவு சிரமப்பட்டு ஊறவைத்த ஆரஞ்சுத் தோலின் மணத்தை அது முழுங்கிவிடுகிறது என்பதால் நான் சேர்ப்பதில்லை.

ஐஸை அரைத்துச் செய்யும் உறைந்த மார்கரிட்டா, 1971-இல் டாலஸ் நகர உணவகம் ஒன்றில் அதற்கென்றே ஓர் இயந்திரம் வந்த பிறகு உலகமெங்கும் பரவியது. அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டாலஸின் வெயிலுக்கு அது சரி. மார்கழி மாதத்துக் கொடைக்கானலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதைக் குடிப்பவர்களின் துணிவைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டியதில்லை. குளிர் ஊர் என்பதற்காக ஐஸே இல்லாமல் கலப்பதும் தவறு. குலுக்கும்போது கரைகிற நீர்தான் பானத்தின் முரட்டுத்தனத்தைத் தணிக்கிறது. பெரிய கட்டிகளாகப் போட்டு, ஷேக்கர் இல்லையென்றால் ஊறுகாய் வாடை முற்றிலும் போகக் கழுவிய இறுக்கமான மூடி கொண்ட பாட்டிலில், கை சில்லிடும் வரை குலுக்கி வடித்தால் போதும்.

அளவுக்கு, உலக பார்டெண்டர்கள் சங்கத்தின் கணக்கு நம் பழத்துக்கு நன்றாகவே ஒத்துவருகிறது: டெகிலா 50 மில்லி, ஆரஞ்சு மது 20, எலுமிச்சைச் சாறு 15. நம் எலுமிச்சை நடுத்தர அளவில் ஒன்று இருந்தால் அந்த 15 மில்லி வந்துவிடும். வீட்டு ஆரஞ்சு ஊறலைப் பயன்படுத்தும்போது அதை 25 மில்லியாக உயர்த்திக்கொள்ளலாம், வீரியக் குறைவு ஈடாகும். சுவை பார்த்த பின் புளிப்பு மிஞ்சினால், முதலில் அரைத் தேக்கரண்டி பாகு சேர்த்துப் பார்க்க வேண்டும்; டெகிலாவைக் கூட்டக் கூடாது. தட்டையாக இருந்தால் சாற்றைக் கூட்டாமல், பச்சை எலுமிச்சைத் தோலைக் கிளாஸின் மேல் பிடித்து ஒரு முறை முறுக்கிவிட்டுச் சுவைத்துப் பாருங்கள்.