மழையில் எடுத்த கேம்பர்வேன், திரும்பி வராத 1,500 யூரோ

ஜெர்மனியில் கேம்பர்வேன் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி) வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இத்தாலிப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் டெபாசிட் தொகையான 1,500 யூரோவைத் தர முடியாது என்று வண்டியை வாடகைக்கு விட்டவரிடமிருந்து நேற்று மாலை இறுதி மின்னஞ்சல் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. தனியாரும் சிறு நிறுவனங்களும் தங்கள் வண்டிகளை வாடகைக்கு விடும் இணையத்தளம் ஒன்று. அதன் வழியாகக் கிடைத்த, மியூனிக் நகருக்கு வெளியே இருக்கும் ஒரு சிறு நிறுவனம். இவ்வளவு போதும்.

ஊரிலிருந்து அத்தையும் மாமாவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். மாமாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வோர் இரவும் ஒரு விடுதியில் பெட்டியை அவிழ்த்து மறுநாள் காலையில் கட்டுவது அத்தையால் முடியாது. ஆகவே குழந்தைகள் இருவரையும் சேர்த்து ஆறு பேரும் படுக்கக்கூடிய, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் போலப் படுக்கை அமைந்த, ஃபியட் டுகாட்டோ வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டாததால் சாதாரண பி வகை உரிமத்திலேயே அதை ஓட்டலாம். வாடகையைத் தளத்தின் வழியாகச் செலுத்தினோம். டெபாசிட் 1,500 யூரோவை மட்டும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. கடன் அட்டையில் அந்தத் தொகையை முடக்கி வைத்தால் போதாதா என்று என் கணவர் கேட்டதற்கு, தங்களிடம் அதற்கான இயந்திரம் இல்லை என்றும், வண்டி திரும்பிய ஒரு வாரத்துக்குள் பணம் எங்கள் கணக்கில் இருக்கும் என்றும் பதில் வந்தது.

வண்டியை எடுக்கப் போன அன்று நல்ல மழை. உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். எரிவாயு உருளையை எப்படித் திறப்பது, குளிர்பெட்டியை எப்போது பேட்டரியிலும் எப்போது எரிவாயுவிலும் ஓட்டுவது, கழிப்பறைத் தொட்டியை எப்படி உருவி வெளியே எடுப்பது என்று ஒவ்வொன்றையும் அவசரப்படாமல் காட்டினார். ஜெர்மன் தெரியாத மாமாவுக்குச் சைகையிலேயே தண்ணீர்க் குழாயின் திருகைப் புரியவைத்தார். ‘நல்ல மனுஷன்டா, எவ்வளவு பொறுமையாச் சொல்லிக் கொடுக்கிறார் பாரு’ என்று மாமா தன் மகனான என் கணவரிடம் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு அவர் ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினார். அதில் எல்லாக் கட்டங்களிலும் ‘குறையில்லை’ என்ற குறி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கூரையை இன்னும் பார்க்கவில்லையே என்று கணவர் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, ‘இந்த மழையில் ஏணியா? நேற்றுத்தான் என் மகன் மேலே ஏறிக் கழுவினான். ஒரு கீறல்கூட இல்லை’ என்றார். வண்டியின் நான்கு பக்கங்களையும், சக்கரங்களையும், உள்ளே ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்தோம். கூரையை அல்ல, அதைப் பற்றி அவர் சொன்ன சொல்லைத்தான் எடுத்துக்கொண்டோம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. குளிர்பெட்டி எரிவாயுவில் ஒருமுறைகூடப் பற்றவில்லை. பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும், சுடர் வராது. எஞ்சின் ஓடும்வரை பேட்டரி மின்சாரத்தில் குளிரும். எஞ்சினை அணைத்தால் அதுவும் நின்றுவிடும். இத்தாலிக்குப் போகும் வழியில், ஆஸ்திரியாவின் பிரென்னர் நெடுஞ்சாலையில் லூக் பாலம் பழுதானதால் 2025 தொடக்கத்திலிருந்து பல நாட்களில் ஒவ்வொரு திசையிலும் ஒரே தடத்தில்தான் வண்டிகளை விடுகிறார்கள். அங்கே நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அத்தை அரைத்துக் கொண்டுவந்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டுக் காய்கறிகள்மேல் வழிந்தது. (வினியெட் எனப்படும் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டை வாங்கியவர்களும் அந்தச் சாலைக்குத் தனியாகச் சுங்கம் கட்ட வேண்டும் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.) உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தால், இத்தாலி வெயிலில் எல்லாக் குளிர்பெட்டியும் அப்படித்தான் என்றார். இத்தாலியில் வண்டிகளுக்கென்று இருக்கும் சாதாரண நிறுத்துமிடங்களில் மலிவாக இரவைக் கழிக்கலாம் என்ற திட்டத்தைக் கைவிட்டு, மின் இணைப்புக்காகவே கார்தா ஏரிக்கரையில் விலை கூடிய முகாம்களில் தங்கினோம். அந்தச் செலவை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. என் கணக்கு அந்த 1,500 யூரோ மட்டும்தான்.

திரும்பி வந்தது ஞாயிற்றுக்கிழமை. வழியிலேயே உரிமையாளர் அழைத்து, வீட்டில் விசேஷம் இருப்பதால் தம்மால் வர முடியாது என்றும், சாவியைச் சுவரில் உள்ள பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார். உங்களைப் போன்ற குடும்பத்தினர்மேல் தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். கழிவுநீரைக் கொட்டி, டீசல் நிரப்பி, தரையைத் துடைத்து, மறுபடியும் படங்கள் எடுத்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துப் பணம் வரவில்லை, மின்னஞ்சல் வந்தது: கூரைச் சன்னலின் ஞெகிழி மூடியில் விரிசல், மாற்றுவதற்கு 1,612 யூரோ ஆகும், டெபாசிட் 1,500 யூரோவை எடுத்துக்கொள்கிறோம், மிச்சம் 112 யூரோவை நல்லெண்ண அடிப்படையில் விட்டுக்கொடுக்கிறோம். பெரிய மனது!

இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன் உள்ளே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், பச்சையாகப் பாசி படிந்திருந்தது. சுற்றியிருந்த கூரை பளிச்சென்று இருந்ததால் அந்தப் பச்சைக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எடுத்த நாளின் மழைக்குப் பிறகு மழையே காணாத வெயிலில் எங்களோடு சுற்றிய வண்டியில், அந்தச் சில நாட்களுக்குள் விரிசலும் விழுந்து அதற்குள் பாசியும் வளர்ந்ததாம். படத்தில் பச்சையை வட்டமிட்டு அனுப்பிக் கேட்டோம். பாசியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், ‘ஒப்படைப்புப் படிவத்தில் கூரை குறையில்லாமல் இருந்ததாக நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. உரிமையாளர் முதலில் நிபுணர் அறிக்கை வரும் என்றார், பிறகு நிபுணர் விடுமுறையில் இருக்கிறார் என்றார், பிறகு தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். தளத்தைக் கேட்டால், டெபாசிட் தங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் தாங்கள் தலையிட முடியாது என்கிறார்கள். நேரடியாகச் செலுத்தச் சொன்ன அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்களுடைய சின்னம்தான் இருக்கிறது. காப்பீட்டைக் கேட்டால், ஒவ்வொரு சேதத்திலும் முதல் 1,500 யூரோ வாடகைக்கு எடுத்தவருடைய பங்கு என்கிறார்கள். டெபாசிட்டும் 1,500, நம் பங்கும் 1,500 என்று இரண்டையும் ஒரே அளவில் வைத்திருப்பதன் அர்த்தம் இப்போதுதானே விளங்குகிறது: ஏதாவது ஒரு விரிசலைக் காட்டிவிட்டால் முழுத்தொகையும் அவர்களுக்கு. நாங்கள் தளத்தில் எழுதிய விமர்சனம் இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் அனுப்பியது பழுதுபார்த்ததற்கான பில் அன்று, வெறும் செலவு மதிப்பீடு. மூடியை இன்னும் மாற்றவில்லை. ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 249ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்காமல் மதிப்பீட்டை வைத்து மட்டும் இழப்பீடு கேட்பவர் மதிப்புக்கூட்டு வரியைச் சேர்த்துக் கேட்க முடியாது. இவர்களோ 19 விழுக்காடு வரியையும் சேர்த்தே 1,612 என்று எழுதியிருக்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டியதற்குப் பிறகு வந்ததுதான் நேற்றைய இறுதி மின்னஞ்சல்.

பயண யோசனைகள் எல்லாவற்றையும் விரிவாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது இவ்வளவுதான் வருகிறது. மழை பெய்தாலும் கூரையைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். ஏணி தராவிட்டால் கைப்பேசியைத் தற்படக் கோலில் மாட்டி மேலே தூக்கியாவது படம் எடுங்கள், அதுவும் முடியாவிட்டால் படிவத்தில் ‘கூரை பார்க்கப்படவில்லை’ என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். டெபாசிட்டைக் கடன் அட்டையில் முடக்கச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து ஒருமுறை போய்ச் சேர்ந்த பணத்தை அவர்கள் மனது வைத்தால் ஒழியத் திரும்பப் பெறுவது கடினம். சாவியைப் பெட்டியில் போடச் சொன்னால் மறுத்துவிட்டு, ஆள் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். குளிர்பெட்டி எரிவாயுவில் பற்றுகிறதா என்று அவர்கள் கண்முன்னேயே பாருங்கள்.

பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளில் வசித்துக்கொண்டு ஜெர்மன் நிறுவனத்திடம் வண்டி எடுத்தவர்கள் என்றால், உங்கள் நாட்டிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தைக் கட்டணமில்லாமல் அணுகலாம். 5,000 யூரோ வரையிலான எல்லை தாண்டிய வழக்குகளுக்கு ஐரோப்பியச் சிறுகோரிக்கை நடைமுறையும் இருக்கிறது. நாங்களும் அந்த நிறுவனமும் ஒரே நாட்டில் இருப்பதால் எங்களுக்கு இரண்டும் பொருந்தாது. பணத்தைத் தரும்படி நீதிமன்றத்தின் வழியாக அவர்களுக்கு அனுப்பும் கோரிக்கை ஆணைக்கான படிவத்தை என் கணவர் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஆட்சேபித்தால் வழக்குத்தான்.

தளங்களில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். டெபாசிட் முழுதாகத் திரும்பி வந்தது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். நாங்கள் எடுத்த வண்டியின் பக்கத்தில் ‘அருமையான மனிதர், பொறுமையாக விளக்கினார்’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். டெபாசிட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.