பழைய ஹைலக்ஸின் இக்னிஷன் சிலிண்டர்: 46,500 ரூபாவுக்கு நான் ஏமாந்த விதம்

என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வேறொன்று வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, படுவான்கரை வயலுக்கும் வீட்டுக்குமாக இதையே ஓட்டி வருகிறேன். கடந்த பெரும்போக அறுவடையின்போது திறப்பு திரும்ப மறுத்து முரண்டு பிடிக்கத் தொடங்கியது. சில நாட்களில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பை உருவி எடுக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. திறப்பை நுழைத்துத் திருப்பும் பூட்டுத்தான் இக்னிஷன் சிலிண்டர். அதற்குள் திறப்பின் வெட்டுகளுக்கேற்ப ஏறி இறங்கும் சிறு தகடுகள் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் பிரதான வீதியோரத்தில் உள்ள ஒரு கராஜில் வாகனத்தைக் காட்டினேன். ஸ்டியரிங்கைப் பூட்டும் பகுதியும் சிலிண்டரும் பொருந்தியிருக்கும் உலோகக் கூடான ஸ்டியரிங் லொக் ஹவுசிங், அதன் பின்னாலுள்ள மின்சுவிட்ச், சிலிண்டர் மூன்றையும் ஒன்றாக மாற்றாவிட்டால் வீதியில் ஸ்டியரிங் இறுகிவிடும் என்று கூறிய பாஸ், வாகனத்தை இரண்டு நாட்கள் நிறுத்திவைத்தார். ஹவுசிங் 24,000, சுவிட்ச் 8,500, சிலிண்டர் 6,000, திறப்புக்குக் கொம்பியூட்டர் கோடிங் 3,000, கூலி 5,000 என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டபோது, பழைய இரும்போடு போய்விட்டதாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

பதினொரு நாட்கள் கழித்து மண்முனைப் பாலத்தின் நடுவில் புதிய திறப்பு தானாகக் கழன்று என் காலடியில் விழுந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அன்றிரவு மனைவி விளையாட்டாகத் தன் அலுமாரித் திறப்பை நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். வாகனம் ஸ்டார்ட் ஆனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் செங்கலடியில் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டு சென்றேன். ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, "மகன், இதுல யாரும் கை வைக்கல்லையே" என்றார். ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் பொல்ட்டுகள், இறுக்கும்போதே தலை முறிந்துபோகும்படி செய்யப்பட்டவை. அதைக் கழற்ற வேண்டுமானால் துளையிட்டோ வெட்டியோதான் எடுக்க வேண்டும். என் வாகனத்திலோ தலை முறிந்த அந்தப் பொல்ட்டுகள் துருவும் தூசியுமாக அப்படியே இருந்தன. சுவிட்சின் பிளக்கில் சிலந்தி வலைகூடக் கலைந்திருக்கவில்லை. மாற்றப்பட்டது சிலிண்டர் மட்டுமே. அதுவும் வேறொரு பழைய வாகனத்திலிருந்து கழற்றிய தேய்ந்துபோன ஒன்று. கோடிங் என்பதோ முழுப் பொய். அந்தக் காலத்து ஹைலக்ஸின் திறப்பில் சிப் எதுவும் இல்லாததால், கொம்பியூட்டருக்கு அங்கே வேலையே கிடையாது.

இரண்டு நாட்கள் ஆனதாகச் சொல்லப்பட்ட அந்த வேலையை அவர் என் கண் முன்னாலேயே செய்து காட்டினார். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினார், திறப்பை ஏ.சி.சி. என்று பொறிக்கப்பட்ட நிலைக்குத் திருப்பி, ஹவுசிங்கிலுள்ள சிறு துளைக்குள் மெல்லிய ஆணியொன்றை விட்டு உள்ளிருக்கும் பின்னை அழுத்தினார். சிலிண்டர் திறப்போடு சேர்ந்து கையோடு வந்தது. எனக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. திறப்பு அறவே திரும்பாத வாகனங்களில் மட்டும் சிலிண்டரைத் துளையிட்டு எடுக்க நேரிடும் என்றும், அதற்குத்தான் கூடுதல் கூலி கேட்பது நியாயம் என்றும் விளக்கினார்.

முதல் கராஜுக்குத் திரும்பிப் போனபோது, மின்சாமானுக்கு உத்தரவாதம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம் என்று நண்பர் சொன்னார். ஆனால் என்னிடமிருந்த துண்டில் கராஜின் பெயரோ, திகதியோ, கையொப்பமோ இல்லை. பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டைப் பணம் கொடுக்கும்போதே கேட்டிருந்தால், பழைய சாமான்களைத் தராமல் ஒரு ரூபாவும் தரமாட்டேன் என்று நின்றிருந்தால், மூடியைக் கழற்றி அந்தப் பொல்ட்டுகளைக் காட்டச் சொல்லியிருந்தால், கதை வேறாக இருந்திருக்கும்.

செங்கலடி பாஸ் புதிய சிலிண்டரின் தகடுகளை என் பழைய கதவுத் திறப்புக்குப் பொருந்துமாறு மாற்றி அடுக்கித் தந்தார். கதவுக்கும் எஞ்சினுக்கும் இப்போது ஒரே திறப்புத்தான். அலுமாரித் திறப்பையும் நுழைத்துப் பார்த்தோம், அது அசையவில்லை.